நான்கு வியாதிகளுக்கு ஒரு பெயர்

கொல்லிமலையின் அடிவாரத்திலிருந்து காவிரிக்கரையிலுள்ள பரமத்தி வேலூர் வரையில், நாமக்கல் சமவெளியின் சாலைகளுக்கு இருமருங்கிலும் நீண்டு கிடக்கும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளைக் கண்டவர்கள், அங்கிருந்து நாள்தோறும் லாரி லாரியாக வெளியேறும் முட்டைகளின் வியாபாரத்தைப் பற்றியும், அவை பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவில் சேர்வதைப் பற்றியும் எவ்வளவோ கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் முட்டையென்னும் அந்தச் சாதாரண வஸ்து, மூளை எவ்விதம் உண்டாகிறது என்ற ரகசியத்தின் ஒரு பகுதியை விஞ்ஞானிகளுக்குத் திறந்து காட்டியது என்பதும், அந்த ரகசியத்தை அறியாமல் குழந்தைகளின் மூளையில் தோன்றும் ஒரு கொடிய கட்டியை விளங்கிக்கொள்ள இயலாது என்பதும் பண்ணைக்காரர்களிடையேயும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடைக்கு வரும் முட்டையில் கரு இராது; சேவலோடு சேராத கோழி இட்டது அது. குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும் முட்டையே நமக்கு விஷயம். அதில் 21 நாட்களுக்குள் ஓர் உயிர் பூர்த்தியாகிறது. அந்த நாட்களில் ஓட்டிலே சிறு சாளரம் வெட்டி உள்ளே பார்க்கவும், கருவின் ஒரு பகுதியை எடுத்து வேறொன்றை அங்கே பொருத்தவும், கைப்பழக்கமுள்ள ஆராய்ச்சியாளருக்கு முடிகிறது.

பாரிஸ் நகரத்துக்கு அருகே நோஜான் என்ற ஊரில் ஆய்வு நடத்திய நிக்கோல் லெ துவாரென் அம்மையார் செய்தது இதுதான். காடையின் உயிரணுக்கள் நுண்ணோக்கியின் கீழ்த் தனி அடையாளம் காட்டுகிற உட்கருவை உடையவை என்பதைக் கவனித்த அவர், கோழிக்கருவின் ஒரு சிறு பகுதியை அகற்றி, அவ்விடத்தில் காடைக்கருவின் அதே பகுதியை ஒட்டவைத்து, அந்த அணுக்கள் பின்னர் எங்கெங்கே பிரயாணம் செய்கின்றன என்று தொடர்ந்து பார்த்தார். அவருடைய குழுவினர் 1990 வாக்கில் சிறுமூளையை இவ்வாறு ஆராய்ந்தபோது, அதில் எண்ணிக்கையில் மிகுந்த குருணை அணுக்கள் பின்மூளையின் மேல் விளிம்பிலே பிறந்து, சிறுமூளையின் வெளிப்புறத்தில் ஒரு போர்வைபோலப் படர்ந்து, பெருகி, அதன்பின்பே உள்ளே இறங்கித் தம் இடத்தில் அமர்கின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. மனித மூளையிலும் கிரமம் இதுவே. நம் மூளையிலுள்ள நரம்பணுக்களில் பாதிக்கு மேல் இந்தக் குருணை அணுக்கள்தாம்; அவ்வளவு பெருந்தொகையை உண்டாக்குவதற்கு அந்த வெளிப்போர்வை குழந்தை பிறந்த பின்னும் ஏறக்குறைய ஓராண்டு காலம் ஓயாமல் பெருகிக்கொண்டேயிருக்கிறது.

ஓயாமல் பெருகுவதற்கு ஓர் ஆணை வேண்டும். அந்த வெளிப்போர்வைக்குக் கீழே வரிசையாக நிற்கும் புர்கின்ஜி அணுக்கள் சுரக்கிற ஒரு புரதமே அந்த ஆணை என்பது 1999-இல் நிரூபணமாயிற்று. அந்தப் புரதத்துக்கு ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற வேடிக்கையான பெயர், ஒரு வீடியோ விளையாட்டின் கதாபாத்திரத்திலிருந்து வந்தது. கட்டி கண்ட குழந்தையின் பெற்றோரிடம் இந்தப் பெயரை உச்சரிக்க வேண்டிய மருத்துவர்களுக்கு இது சங்கடமாகவே இருந்துவருகிறது. ஆணை வராத வேளையில் அணுவின் மேற்பரப்பிலுள்ள மற்றொரு புரதம் பெருக்கத்தைத் தடுத்து வைக்கும். அதை உண்டாக்கும் பி.டி.சி.எச்.1 என்னும் மரபணு கெட்டுவிட்டால் தடை நீங்குகிறது; ஆணை இல்லாமலே அணு பெருகுகிறது; நிறுத்த வேண்டிய பருவம் கடந்த பின்னும் நிறுத்துவதில்லை. வளர்ச்சியின் ஒரு கட்டம் முடிவுபெறாமல் நீடித்ததன் விளைவாக உண்டாகும் கட்டி இது. முதியோருக்கு வரும் புற்றுநோய்கள் ஆயுள் முழுவதும் சேர்ந்த சேதங்களின் தொகையாக இருக்க, குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் மரபணுக் கோளாறுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

சிறுமூளையில் தோன்றும் இந்தக் கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயர். குழந்தைகளுக்கு வரும் வீரியமிக்க மூளைக்கட்டிகளில் இதுவே பிரதானமானது. கட்டி வளரும் இடத்துக்கு அருகிலேயே மூளைநீர் வெளியேறும் நான்காம் அறை இருக்கிறபடியால், அந்த வழி அடைபட்டு, நீர் மேலே தேங்கி, தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. விடியற்காலையில் தலைவலி, அதைத் தொடர்ந்து வாந்தி, வாந்தி எடுத்தபின் சற்றுச் சுகம். சில வாரங்களில் நடை தள்ளாடுகிறது, தலை ஒருபக்கமாகச் சாய்கிறது, கண் மாறுகண்ணாகிறது. காலையில் வாந்தி எடுக்கும் பிள்ளையைக் கண்டால் வயிற்றைச் சந்தேகிப்பதுதான் உலக வழக்கம். சேலம், நாமக்கல் பக்கத்தில் அதற்கென்றே ஒரு மரபும் உண்டு. உண்ட பதார்த்தம் உள்ளே சிக்கியிருக்கிறதென்று சொல்லித் ‘தொக்கம்’ எடுப்பவரிடம் அழைத்துப் போவார்கள். குடல் ஏறியிருக்கிறதென்று எண்ணெய் தடவித் தட்டிவிடுவார்கள். இதை அறியாமையென்று இகழ்வது எளிது. ஆனால் இதே வாந்திக்கு இரைப்பை மருந்தும், பின்பு பூச்சி மருந்தும், அதன்பின் கண்ணாடிச் சீட்டும் எழுதிக் கொடுத்து வாரங்களைப் போக்கிய ஆங்கில வைத்தியங்களும் எல்லாத் தேசங்களிலும் உண்டு. காலை வாந்தியோடு நடைத்தள்ளாட்டமும் சேர்ந்தால் தலையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்ற ஒரே விதியை ஊர்தோறும் தெரியப்படுத்துவது, இந்த அத்தியாயத்தில் பின்னால் வரும் நுட்பங்கள் பலவற்றைக் காட்டிலும் அதிகமான கண்களையும் உயிர்களையும் காக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கட்டியை முதன்முதலில் தனியே பிரித்து 1925-இல் வருணித்தவர்கள் அமெரிக்காவின் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் ஆவர். குஷிங் தம் காலத்து மூளை அறுவை நிபுணர்களில் தலைசிறந்தவர்; ஆயினும் 1930-இல் தம் அனுபவத்தைத் தொகுத்து அவர் வெளியிட்ட 61 பேரின் சரித்திரத்தில், மூன்றாண்டு கடந்து உயிரோடிருந்தவர் ஒருவரே. எவ்வளவு திறமையாக அகற்றினாலும் கட்டியின் அணுக்கள் மூளைநீரோடு மிதந்து சென்று தண்டுவடத்தில் வேர்கொண்டன. மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு அளித்தால் நோயை அடக்கலாமென்று மான்செஸ்டரின் ஈடித் பாட்டர்சன் 1953-இல் காட்டிய பின்புதான் மரணமே முடிவென்ற நிலை மாறிற்று. நம் நாட்டிலும் அந்தப் பத்தாண்டையொட்டியே அடிப்படை அமைந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கினார்கள். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. சேலத்திலிருந்து ரயிலேறி, ஜோலார்ப்பேட்டை வழியாகச் சென்று, காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போகும் நோயாளிக் குடும்பங்களின் வழித்தடம் அக்காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

கதிர்வீச்சோடு கீமோதெரபியும் சேர்ந்தபின், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாடுகளில் நோய் பரவாத நிலையில் கண்டறியப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தார்கள். இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. ஒரே வயது, ஒரே அளவு கட்டி, ஒரே அறுவை நிபுணர், ஒரே மருந்து. நுண்ணோக்கியின் கீழே ஒரே தோற்றமுள்ள நீலநிறச் சிற்றணுக்கள். அப்படியிருந்தும் ஒரு குழந்தை பள்ளிக்குத் திரும்புகிறது, மற்றொரு குழந்தைக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பிவருகிறது. நுண்ணோக்கி பார்த்துச் சொல்லக்கூடியது அதோடு முடிந்துவிட்டது. 2002-இல் பாஸ்டனின் ஸ்காட் பொமராய் குழுவினர், ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எவையெவை கட்டியினுள் விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்று ஒரே சமயத்தில் அளந்து, அந்தக் கணக்கைக்கொண்டே பின்விளைவை ஓரளவு முன்னறியலாமென்று காட்டினார்கள். அடுத்த பத்தாண்டில் தேசந்தோறும் இதே முயற்சி நடந்து, ஒவ்வொருவரும் தத்தம் எண்ணிக்கையில் வகைகளைச் சொல்ல, 2010-இல் பாஸ்டனில் கூடிய நிபுணர்கள் நான்கு வகை என்று ஒருமனதாகத் தீர்மானித்து 2012-இல் வெளியிட்டார்கள்: வின்ட், சோனிக் ஹெட்ஜ்ஹாக், மூன்றாம் வகை, நான்காம் வகை. பின்னிரண்டுக்கும் பெயர் சூட்டும் அளவுக்குக் காரணம் தெரியாததால் எண்ணே பெயராக நின்றுவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 2016 முதல் மூலக்கூறு வகையும் அதிகாரபூர்வமாக இடம்பெறுகிறது.

இவற்றுள் வின்ட் வகையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதன் கதையில் இந்தியாவுக்கு இருமுறை பங்கு கிடைக்கிறது. முதற்பங்கு டில்லியைச் சேர்ந்தது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்.பி. சர்மா, வி.எல். சோப்ரா என்ற இருவர், இறக்கை முளைக்காத ஒரு விகார ஈயைக் கண்டு, அதற்குக் காரணமான மரபணுப் பிறழ்வை 1976-இல் விவரித்தார்கள். ‘விங்லெஸ்’ என்று பெயர்பெற்ற அந்த மரபணு, பின்னர் எலிகளின் மார்புப் புற்றில் கண்டறியப்பட்ட மற்றொரு மரபணுவோடு ஒன்றாக இருப்பது தெரியவர, இரு பெயர்களும் இணைந்து வின்ட் ஆயின. கோதுமையையும் நெல்லையும் பெருக்குவதற்கென்று ஏற்பட்ட ஒரு நிலையத்தில், எவருக்கும் உடனடிப் பிரயோஜனமில்லாத ஓர் ஈயின் இறக்கையைப் பற்றி இரண்டு பேர் அக்கறைகொண்டது, ஒரு தலைமுறைக்குப் பின் ஒரு குழந்தையின் தலையிலுள்ள கட்டிக்குப் பெயர் தந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்கும் அதிகாரிகள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

வின்ட் வகை, மெடுல்லோபிளாஸ்டோமாக்களில் பத்தில் ஒன்று. கைக்குழந்தைகளுக்கு அரிது, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வருகிறது. பீட்டா-கேட்டெனின் என்ற புரதம் சாதாரணமாக அணுவின் ஓரத்தில் இருந்து, வேலை முடிந்தபின் அழிக்கப்பட வேண்டியது; அதன் மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்தால் அழிவுக்குத் தப்பி, உட்கருவுக்குள் புகுந்து பெருக்கத்தை ஏவுகிறது. இந்த வகைக் கட்டி சிறுமூளையிலிருந்து அன்றி, மூளைத்தண்டின் முதுகுப்புற அணுக்களிலிருந்து தோன்றுகிறதென்று ரிச்சர்டு கில்பர்ட்ஸன் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். உரிய சிகிச்சை பெற்ற குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏன்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை எனக்கு மருத்துவ விஞ்ஞானத்தின் அழகிய விடைகளில் ஒன்றாகப் படுகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் இயல்பாகவே நெருக்கமான சுவருடையவை. இரத்தத்தில் ஓடும் மருந்து எளிதில் மூளைக்குள் கசியாது. வின்ட் கட்டியோ, தன்னைச் சுற்றியுள்ள குழாய்கள் அந்தச் சுவரைக் கட்டுவதற்கு வேண்டிய சைகையைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது. குழாய்களில் துளைகள் விழுகின்றன. கீமோ மருந்து கட்டியினுள் தாராளமாக இறங்குகிறது. கட்டி தன் சுபாவத்தினாலேயே தன் மதிலைத் திறந்துவைக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு 2016-இல் வெளிவந்தது. அதே ஆராய்ச்சியில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் கட்டியின் குழாய்களைப் பார்த்தபோது மதில் மூடியே இருந்தது.

மற்ற மூன்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகை, பத்தில் மூன்று. கைக்குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வருகிறது. கைக்குழந்தையிடம் கணுக்கணுவான அமைப்போடு வந்தால் கதிர்வீச்சு இல்லாமலே குணமாவது உண்டு. பெரிய பிள்ளைக்கு டி.பி.53 மரபணுக் கேட்டோடு வந்தால் நிலைமை மிகவும் மோசம். ஹெட்ஜ்ஹாக் ஆணையை மறிக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் எலும்பு வளரும் வயதில் கொடுத்தால் வளர்ச்சித் தட்டுகள் அகாலத்தில் மூடிக்கொள்வதால் சிறு பிள்ளைகளுக்கு அவை ஆகா. மூன்றாம் வகை, நான்கில் ஒன்று, எம்.ஒய்.சி. என்ற மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தால் நான்கிலும் கொடியது. நான்காம் வகையே எல்லாவற்றிலும் அதிகம், மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல், விளைவில் நடுத்தரமானது. இவ்விரண்டும் எங்கிருந்து முளைக்கின்றன என்பது நெடுங்காலம் பிடிபடாமலிருந்ததற்குக் காரணம், அவற்றின் பிறப்பிடமான பின்மூளை விளிம்பின் உட்பகுதி மனிதக் கருவில் விசேஷமாக நீடித்து வளர்வதும், எலியிடம் அப்படி இல்லாததுமே. 2022-இல்தான் அது துலங்கிற்று. கோழிமுட்டையும் எலியும் கற்பிக்கக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு.

இனி, பிழைப்பு விகிதம் என்ற சொற்றொடருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். “எம் பையன் பொழைச்சுக்குவானுங்களா, டாக்டர்?” என்று கேட்கும் தகப்பனிடம் ‘வின்ட் வகை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்’ என்று சொல்லும்போது, ஜாதகத்தில் எழுதியதைப் படித்துச் சொன்னதுபோல அவர் அதை ஏற்றுக்கொள்வது இயற்கை. உண்மையில் அது முழுச் சிகிச்சையும் பெற்றவர்களைப் பற்றிய கணக்கு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால் விளங்கும்: இந்தப் பக்கத்தில் போட்ட நூறு போர்களில் தொண்ணூறில் 600 அடியில் தண்ணீர் கண்டது என்பது, 600 அடி வரை துளை போட்டவர்களின் கணக்கு, பணம் தீர்ந்து 300 அடியில் வண்டியைத் திருப்பி அனுப்பியவருக்கு அந்தத் தொண்ணூறில் பங்கில்லை.

இந்த நிபந்தனையைப் பரீட்சையாகவே நிரூபித்துக் காட்டியது இந்தியாவின் இரண்டாம் பங்கு. மும்பை டாட்டா நினைவு மையத்தின் தேஜ்பால் குப்தாவும் அவருடைய குழுவினரும் எழுப்பிய கேள்வி நியாயமானது: வின்ட் கட்டி இவ்வளவு சாதுவானதென்றால், மூளை முழுவதையும் தண்டுவடம் முழுவதையும் ஏன் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும்? வளரும் மூளையில் விழும் கதிர்வீச்சு அறிவுத்திறனைப் படிப்படியாகக் குறைக்கிறது. பிட்யூட்டரியைத் தாக்கி வளர்ச்சி ஹார்மோனைக் குறைக்கிறது. முதுகெலும்பின் வளர்ச்சி குன்றி உடம்பு கட்டையாகிறது. சிஸ்பிளாட்டின் மருந்தோடு சேர்ந்து காதையும் கெடுக்கிறது. பிழைத்த பிள்ளைக்கு முன்னால் அறுபதாண்டு வாழ்க்கை கிடக்கிறதாகையால், ஒவ்வொரு கிரே கதிர்வீச்சைக் குறைப்பதும் அர்த்தமுள்ளது. ஆகவே குறைந்த அபாயமுள்ள வின்ட் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, கட்டி இருந்த இடத்துக்கு மாத்திரம் கதிர்வீச்சும் அதன்பின் கீமோவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு குழந்தைகளே சேர்ந்திருந்த நிலையில், கதிர் படாத இடங்களில், மூளையின் வேறு பகுதிகளிலும் தண்டுவடத்திலும், நோய் முளைக்கத் தொடங்கியது. பரீட்சை பாதியிலேயே நிறுத்தப்பட்டு, 2022-இல் அந்த முடிவு ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் வின்ட் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சை முற்றிலும் விலக்கிப் பார்த்த ஒரு சிறு முயற்சியும் இதே காரணத்தால் இடையில் நின்றது.

தோல்வியென்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வின்ட் கட்டி சாதுவாக இருப்பது, தண்டுவடம் வரை கதிர் பாய்ச்சும் சிகிச்சையின் முன்னிலையில்தான் என்ற உண்மை இதற்குமுன் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பின்பு மும்பைக் குழுவினர் அடுத்த பரீட்சையில் நடுவழியைத் தேர்ந்தெடுத்தார்கள்: முழுப்பாதைக்கும் கதிர் உண்டு, ஆனால் வழக்கமான 23.4 கிரேக்குப் பதிலாக 18 கிரே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் பெரிய பரீட்சைகளும் இவ்வகைக்கு ஏறத்தாழ அதே அளவுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

பரீட்சைக்காக மருத்துவர்கள் ஒரு பகுதியை நீக்கியபோது நேர்ந்தது, நம் சமவெளியில் வேறு காரணங்களால் நாள்தோறும் நேரக்கூடியது. கதிர்வீச்சு என்பது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். அதன்பின் மாதக்கணக்கில் கீமோ. ஐரோப்பாவில் 2003, 2004 ஆண்டுகளில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கதிர்வீச்சை 50 நாட்களுக்குள் முடித்தவர்கள், இடைவெளி விட்டு அதற்குமேல் இழுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், அல்லது ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையில் கூலிக்குப் போகும் ஒரு தாய், வேலூரிலோ சென்னையிலோ அறை எடுத்து ஆறு வாரம் தங்குவதென்றால், அந்த ஆறு வாரமும் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவின் பளுவைப் பெரிதும் குறைத்திருக்கிறது. இழந்த கூலிக்கு அது ஈடு தருவதில்லை. வீட்டில் மற்றொரு குழந்தைக்குக் காய்ச்சல், ஊரில் மாரியம்மன் பண்டிகை, பிள்ளையின் இரத்த அணுக்கள் குறைந்து மருத்துவரே ஒரு வாரம் நிறுத்தச் சொன்னபின் திரும்பிவர மனமில்லாமை: இவை எந்த மரபணு அட்டவணையிலும் இல்லாத அபாயக் காரணங்கள். மூலக்கூறு வகையை ஆயிரக்கணக்கில் பணம் செலவிட்டு அறிந்துகொண்டு, குடும்பத்துக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யாமல் விடும் மருத்துவமனை, சாஸ்திரத்தின் ஒரு பாதியைத்தான் அனுஷ்டிக்கிறது.

வகையை அறிவதற்குக் குழந்தை எங்கும் போக வேண்டியதில்லை என்பது ஒரு நற்செய்தி. அறுவையில் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்துவிட்டால், அந்த ‘பிளாக்’ ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும், கூரியரில் அனுப்பிவிடலாம். பீட்டா-கேட்டெனின், யாப்1, காப்1, ஃபிலமின்-ஏ ஆகிய புரதங்களுக்குச் சாயமேற்றும் சோதனைகளை டேவிட் எல்லிஸன் குழுவினர் 2011-இல் தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பீட்டா-கேட்டெனின் சாயத்தில் உட்கருவே பழுப்பு நிறமாகத் தெரிந்தால் வின்ட் என்று நுண்ணோக்கியிலேயே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மூன்றாம், நான்காம் வகைகளை இந்தச் சாயங்கள் பிரிக்க மாட்டா. அதற்கு மேலைநாடுகளில் டி.என்.ஏ. மெத்திலேற்றத்தை அளக்கும் விலையுயர்ந்த முறையைக் கையாளுகிறார்கள். நவிமும்பையில் டாட்டா மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் நீலம் ஷிர்சாட் அம்மையார் வேறு வழியைக் கண்டார். ஃபார்மலினில் நீண்ட ஆர்.என்.ஏ. இழைகள் சிதைந்துபோகும், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் மிகக் குட்டையானவை தப்பிப் பிழைக்கும். அவற்றையும் சில தேர்ந்த மரபணுக்களையும் சேர்த்து, சாதாரண பி.சி.ஆர். இயந்திரத்திலேயே நான்கு வகைகளையும் பிரிக்கும் சோதனையை அவருடைய குழு 2013-இல் வெளியிட்டது. பழைய மெழுகுக் கட்டைகளைத் தவிர வேறொன்றும் கைவசமில்லாத மருத்துவமனைகள் நிறைந்த ஒரு தேசத்துக்கு ஏற்ற புத்தி அது.

மற்ற கட்டிகளிலும் இதே பாகுபாடு நடந்துவருகிறது. மெதுவாக வளரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவில் பெரும்பாலும் பி.ராஃப் மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; முழுவதும் அகற்ற முடிந்தால் பெரும்பாலும் வேறு சிகிச்சையே வேண்டாம். எபென்டிமோமாவை இடத்தையும் மூலக்கூறையும் கொண்டு 2015-இல் ஒன்பதாகப் பிரித்தார்கள். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் பரவலாக ஊடுருவும் கட்டியில், டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதை 2012-இல் கண்டார்கள். அந்தக் கட்டி கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இன்றும் ஓராண்டுக்கு மேல் இருப்பதில்லை. வகை தெரிவதனால் எப்போதும் நல்வாக்குக் கிடைத்துவிடாது.

உறவுத் திருமணம் வழக்கமாயுள்ள நம் பகுதிக்கு உரிய ஒரு குறிப்பையும் இங்கே சேர்க்க வேண்டும். டி.என்.ஏ. பிரதியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் பழுதாகவே ஒரு குழந்தைக்கு வந்து சேருமானால், சிறு வயதிலேயே மூளைக்கட்டியும் பின்பு குடற்புற்றும் வரலாம். தாய்மாமனையோ மாமன் மகனையோ மணந்த குடும்பங்களில் இது நேரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலான மூளைக்கட்டிகளுக்கும் உறவுத் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை; ஆகவே கட்டி கண்ட ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் செய்துவைத்த கல்யாணத்தின்மேல் பழி போடுவது தவறு. ஆனால் உடம்பில் காப்பிநிறத் திட்டுகளும் குடும்பத்தில் இளவயதுக் குடற்புற்றும் இருந்தால் சோதித்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் இவ்வகைக் கட்டிக்கு வழக்கமான மருந்தான டெமோசோலமைட் பலிப்பதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் சிலருக்குப் பலித்திருக்கின்றன.

பிழைத்த பிள்ளைகளுக்கு வருவோம். வின்ட் வகையில் பிழைத்த ஒரு மாணவி ராசிபுரத்துப் பள்ளியொன்றில் படிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு ஆண்டுதோறும் தைராய்டுச் சோதனை வேண்டும். உயரத்தை அளந்து வளர்ச்சி ஹார்மோன் போதுமா என்று பார்க்க வேண்டும். காது கேட்கும் அளவைச் சோதிக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் மற்றவர்களைவிட மெதுவாகச் செய்தால் அது சோம்பேறித்தனமல்ல என்று ஆசிரியருக்கு யாராவது சொல்ல வேண்டும், பரீட்சையில் கூடுதல் நேரமும் வாங்கித் தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. சேலத்தில் 1986 முதல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. எந்த வகைக் கட்டி, எத்தனை கிரே, எந்தத் தேதியில் முடிந்தது, எத்தனை சுற்று சிஸ்பிளாட்டின் என்ற நான்கு விவரங்களை ஒரே தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்பினால், அந்த மருத்துவமனைகளில் யார் பணியில் இருந்தாலும் மேற்கொண்டு பார்த்துக்கொள்ள முடியும்.